பச்சைக் கதவு வீட்டில் நான் ஏற்றிய விளக்கு

இதை எழுதலாமா என்று இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் பூ விற்பவர். இன்னொருவர் டீக்கடை வைத்திருப்பவர். அன்று நடந்ததற்கு அவர்கள்தான் சாட்சி. "எழுது தங்கச்சி. ஆனா ஒண்ணும் சேர்க்காதே" என்றார் பூக்கார அக்கா. நான் எதையும் சேர்க்கவில்லை. நேரங்களைக்கூட என் கைப்பேசியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் மணி பதிவாகியிருக்கிறது. அந்த வீட்டுக்குள் மட்டும் நான் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றாமல் செய்த முருகனுக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

என் பெயர் பூங்கோதை. ஊர் அருப்புக்கோட்டை. போன வருடம்தான் படிக்க மலேசியா வந்தேன். கல்லூரி சிம்பாங் அம்பாட் பக்கம். அறைத்தோழி ஜெகதீஸ்வரிக்குச் சுங்கை பாக்காப் சொந்த ஊர். "பினாங்குக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு, ஜார்ஜ் டவுனைப் பார்க்கலைன்னா உன் ஊர்ல என்னைத்தான் திட்டுவாங்க" என்று சொல்லி, செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

காலை 9:40க்குப் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறினோம். கடல் காற்று, வெயில், தூரத்தில் வெள்ளைக் கட்டடங்கள். அதுவரை நான் கடலில் போனதே இல்லை. கைப்பிடியை விடாமல் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜெகா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இருபது நிமிஷம் கூட ஆகாது லா. நீ கவசத்தை முடிக்கிறதுக்குள்ள கரை வந்துரும்."

சுவரோவியங்களைப் பார்த்தோம். சைக்கிள் ஓவியத்தின் முன் நின்று படம் எடுக்க அரை மணி நேரம் வரிசை. பிறகு கடலுக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் சீனர்களின் வீடுகளைப் பார்க்கப் போனோம். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே சிவப்பு விளக்குகளும் சாமி மாடமும் தெரிந்தன. காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். அரைக்கால் சட்டையோடு ஒரு பெரியவர் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ஏய் கோதை! அது வீடு லா!" என்று ஜெகா வாசலில் இருந்து கத்தினாள்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. போகும்போது கையில் ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். வழியெல்லாம் ஜெகா சொல்லிக்கொண்டே வந்தாள். "திறந்திருக்கிற கதவெல்லாம் உன்னைக் கூப்பிடுதுன்னு நினைக்காதே."

அந்த வார்த்தை பிறகு எனக்கு எத்தனையோ முறை நினைவுக்கு வந்தது.

மாலை 4:40க்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். இரண்டு விளக்கு ஏற்று என்று அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா பலகை போட்டுப் பூவும் விளக்கும் விற்றுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, களைத்த முகம். பெயர் குணவதி என்று பிறகு தெரிந்தது.

"தங்கச்சி, ஒரு ஒதவி. அஞ்சே நிமிஷம் கடையைப் பார்த்துக்கிறியா? காலையில இருந்து டாய்லெட் போகல. ஒத்த ஆளு."

"போயிட்டு வாங்கக்கா. எவ்வளவு நேரம்னாலும் இருக்கேன்."

அவர் திரும்பி வந்தபோது ஒரு பூனை மல்லிகைக் கூடையை முகர்ந்துகொண்டிருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையால் பலகையில் மூன்று முறை தட்டினார். தட்... தட்... தட். பூனை ஓடிவிட்டது. நான் வாங்கிய இரண்டு விளக்குகளோடு, நெய்யும் திரியும் போட்ட மூன்றாவது அகல் ஒன்றையும் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார். வேண்டாம் என்றேன். "சும்மா வெச்சுக்கோ லா. எங்கயாவது ஏத்து. புண்ணியம் எனக்கும் வரட்டும்." ஒரு முழம் மல்லிகையை அவர் கையாலேயே என் தலையில் வைத்துவிட்டார். இந்த ஊருக்கு வந்து ஆறு மாதத்தில் யாரும் என் தலையைத் தொட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

5:25க்கு ஜெகா கிளம்பினாள். பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் அவளுக்குப் பகுதிநேர வேலை. எட்டு மணி ஃபெர்ரியில் நான் வந்துவிடுவேன் என்றேன்.

"தனியா இருப்பியா?"

"நாலு தெருதானே. சுத்திட்டு வரேன்."

"யாரு வீட்டுக்குள்ளயும் போகாதே!" கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே போனாள்.

அதன் பிறகு சுற்றிக்கொண்டே ஒரு சந்துக்குள் போனேன். சந்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய பழைய கடைவீடுகள். முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை. முனையில் ஒரு டீக்கடை. நடுவில் பச்சை வண்ணம் உரிந்த ஒரு மரக்கதவு. வாசலில் ஒரு தகரப் பலகை கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. தாண்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

கதவு அரை அடி திறந்திருந்தது.

நேரம் 6:12. எதிர்ச் சுவரை அப்போதுதான் படம் எடுத்திருந்தேன். அந்தப் படத்தில் நல்ல வெயில் இருக்கிறது. இங்கே ஏழு மணிக்கு மேல்தான் பொழுது சாயும்.

"ஏ தாயி..."

நின்றேன்.

"ஏ தாயி... கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போறியா?"

பெண் குரல். உடம்பு சிலிர்த்தது. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். அது எங்கள் ஊர்ப் பேச்சு. அருப்புக்கோட்டைப் பேச்சு. ஆறு மாதமாக "லா" போட்டுப் பேசும் தமிழைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அது என் தெருவில் இருந்தே வந்தது போல இருந்தது. ஜெகா சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் உதவி கேட்கும் குரலைக் கேட்டும் கேட்காதது போலப் போக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கதவைத் தள்ளினேன். செருப்பை வாசலில் விட்டேன்.

உள்ளே இருட்டு. வெளியே அத்தனை வெயில் இருந்தும் வாசற்படியோடு வெளிச்சம் நின்றுவிட்டது. வலது பக்கச் சுவரில் ஒரு மாடம். கறுத்துப் போன மாடம். வீட்டின் நடுவில் முற்றம் போல ஏதோ ஒன்று. அதற்கு அப்பால் ஒரு உள்வாசல். அந்த வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். ஒரு கை கதவுச் சட்டத்தின் மேல் இருந்தது.

"வெளக்கு வைக்கணும் தாயி. இன்னிக்கு நான் வெளக்குக்கிட்ட வரக் கூடாது. நீ ஏத்திட்டுப் போ."

பெண்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். அந்த மூன்று நாட்களில் எங்கள் அம்மாவும் சாமி மாடத்துப் பக்கம் போக மாட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு விளக்கேற்றச் சொல்வார். நானே எத்தனையோ வீடுகளில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்று கேட்கக் கூடாது. கிட்டே போகக் கூடாது. முகத்தை உற்றுப் பார்த்துச் சங்கடப்படுத்தக் கூடாது. இது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அதனால் நான் கேட்கவில்லை. கிட்டே போகவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை.

"அதுக்கென்னம்மா, இந்தா ஏத்திடறேன்."

"எம் புள்ள வேலை முடிஞ்சு வர்ற நேரம். வீடு இருட்டாக் கெடந்தா அவ உள்ள வர மாட்டேங்குறா."

பாவம் என்று நினைத்தேன். அந்த மகள் யாரோ, களைத்து வருவாள். வெளிச்சத்தைப் பார்த்தால் அவளுக்கு மனது குளிரும். மாடத்தில் விளக்கு எதுவும் இல்லை. பைக்குள் குணவதி அக்கா கொடுத்த மூன்றாவது அகல் இருந்தது. எங்கயாவது ஏத்து என்றாரே, அது இங்கேதான் போலிருக்கிறது... கடவுள் எப்படியெல்லாம் கணக்கு வைக்கிறார் என்று உருகிப் போனேன்.

அகலை மாடத்தில் வைத்தேன். ஒரு வாடை வந்தது. கருகிய எண்ணெய் போல. கருகிய முடி போலவும்.

பையில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழித்தேன்.

தட்... தட்... தட்.

அந்த அம்மாவின் கை சட்டத்தில் தட்டியது. குச்சி அணைந்தது.

காற்று என்று நினைத்தேன். முற்றத்துக் காற்று. இரண்டாவது குச்சி.

தட்... தட்... தட்.

அணைந்தது. இந்த முறை கன்னத்தில் பட்டது. யாரோ வாயைக் குவித்து ஊதியது போல.

"அவசரமில்ல தாயி. நிதானமா ஏத்து" என்றது குரல்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த அம்மா எனக்கு நேர் எதிரே நின்றிருந்தார். குரல் எனக்கு மேலே இருந்து வந்தது. மாடியில் இருந்து. பழைய வீடு, எதிரொலிக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது குச்சியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஏற்றினேன். தட், தட், தட்... தட், தட், தட்... இப்போது வேகமாக. பாவம், கையெடுத்துக் கும்பிட முடியாமல் தவிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

திரி பிடித்துக்கொண்டது.

சுடர் ஆடவே இல்லை. வரைந்து வைத்தது போல நின்றது.

தட்டுவது நின்றுவிட்டது.

"நல்லா இருப்ப. உள்ள வா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். ஆனால் முடியாத உடம்போடு இருப்பவரை எழுப்பி வேலை வாங்கக் கூடாது என்று தோன்றியது. "நீங்க படுங்கம்மா, சிரமப்படாதீங்க" என்றேன். சுடரைக் கும்பிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே வெயில் இல்லை.

தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

கைப்பேசியைப் பார்த்தேன். 7:24.

உள்ளே நான் இருந்தது பத்து நிமிடம். கூடிப் போனால் பன்னிரண்டு.

முனையில் இருந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் சீனி முகம்மது. வெள்ளைத் தொப்பி, பெரிய சிரிப்பு.

"என்னா பிள்ளை, மொகம் வெளுத்திருக்கு? பசியாறலையா? இந்தியாவா?"

"ஆமாண்ணே. ஒரு டீ."

சூடான பால் டீயை ஆற்றி வைத்தார். ஒரு வாய் குடித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. நல்லது செய்துவிட்டு வந்த மனது. சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"அந்தப் பச்சைக் கதவு வீட்டு அம்மாவுக்கு யாரும் துணை இல்லையாண்ணே?"

"எந்த வீடு?"

காட்டினேன்.

அவர் கையில் இருந்த குவளை அப்படியே நின்றது.

"அங்க யாரும் இல்ல பிள்ளை."

"இருக்காங்கண்ணே. இப்பத்தான் விளக்கேத்திக் கொடுத்துட்டு வரேன்."

"தமாசு பண்ணாதே. நான் இந்தக் கடை எடுத்து எட்டு வருஷம் ஆச்சு. அந்தக் கதவு தொறந்து பார்த்ததில்ல. சங்கிலி போட்டு..." எட்டிப் பார்த்தார்.

அரை அடித் திறப்பில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

"யா அல்லா..."

"என்னாச்சுண்ணே?"

அவர் வேக வேகமாகச் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்த வீட்டில் ஒரு அம்மா விளக்கேற்றும்போது சேலையில் தீப் பிடித்துச் செத்துப்போனார். பாதி வீடு எரிந்துபோனது. நடுவில் பழைய கிணறு இருக்கிறது. மேலே போட்ட பலகை உளுத்துவிட்டது. அதனால்தான் யாரும் போகாமல் பூட்டி, அபாயப் பலகை வைத்திருக்கிறார்கள்.

கிணறு... நான் முற்றம் என்று நினைத்தது.

"செத்தவங்களுக்கு ஒரே மக. தெனம் இந்தப் பக்கமாத்தான் போவா. ஆனா அந்த வீட்டுப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டா. இருட்டா இருக்கிற வீட்டைப் பார்த்தா நெஞ்சு அடைக்குதும்பா." மணியைப் பார்த்தார். "ஏழரை... குணா வர்ற நேரம்."

"எந்தக் குணா?"

"பூக்காரக் குணவதி லா. கோயில்கிட்ட..."

என் காதுக்குள் அந்தக் குரல் மறுபடி கேட்டது.

வீடு இருட்டாக் கெடந்தா அவ உள்ள வர மாட்டேங்குறா.

டீயைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

சந்தின் அந்த முனையில் குணவதி அக்கா வந்துகொண்டிருந்தார். இடுப்பில் காலிக் கூடை. தலை குனிந்த நடை. பச்சைக் கதவுக்கு நேரே வந்தார். மஞ்சள் வெளிச்சம் அவர் காலில் விழுந்தது.

நின்றார்.

மெல்லத் திரும்பினார்.

கூடை விழுந்து உருண்டது.

"அக்கா! போகாதீங்க!"

கேட்கவில்லை. தூக்கத்தில் நடப்பவர் போலக் கதவைத் தள்ளினார். உள்ளே போனார்.

ஓடினேன். எனக்குப் பின்னால் சீனி முகம்மது அண்ணனின் செருப்புச் சத்தம். வாசலில் சங்கிலி கிடந்தது. அதில் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

7:34.

உள்ளே என் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்சமும் ஆடாமல்.

"குணா... வந்துட்டியா? அம்மா இங்கதான் இருக்கேன் லா. வா மா..."

அதே குரல். ஆனால் இப்போது அதில் என் ஊர் இல்லை. பினாங்குத் தமிழ். குணவதி அக்காவின் தமிழ்.

அக்கா நடந்துகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. முகத்தில் சிரிப்பு.

உள்வாசலில் அந்த அம்மா. முந்தானை வாயில். கை சட்டத்தில்.

"இன்னும் ரெண்டு அடிதான்... வா..."

தட்... தட்... தட்.

அக்கா நின்றார்.

ஒரு கால் முன்னே போய் அந்தரத்தில் இருந்தது.

தட்... தட்... தட்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தூக்கம் கலைந்தது போல. ஏழு வயதுப் பிள்ளை போல.

பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். அவர் கால் பட்ட பலகை முறிந்தது.

எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

ப்ளக்.

அத்தனை ஆழம்.

"வெளக்க அணைச்சிராத தாயி..."

குரல் எனக்குத்தான் சொன்னது. மறுபடி அருப்புக்கோட்டைப் பேச்சு. காதுக்கு மிக அருகில்.

வாயால் விளக்கை ஊதி அணைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். பூவால்தான் அமர்த்த வேண்டும். கை தானாகத் தலைக்குப் போனது. அக்கா மாலையில் வைத்துவிட்ட மல்லிகை. உருவி எடுத்தேன்.

சுடரின் மேல் வைத்தேன்.

இருட்டு.

யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்...

அது யாருடைய மூச்சு என்று எனக்குத் தெரியாது.

சீனி முகம்மது அண்ணன் கைப்பேசி விளக்கை அடித்தார். காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிணறு. அதற்கு அப்பால் எரிந்துபோன கதவுச் சட்டம். அதற்குப் பின்னால் அறை இல்லை. செடிகளும் இடிந்த செங்கல்லும்தான்.

அண்ணாந்து பார்த்தேன்.

மாடி இல்லை. நட்சத்திரம் தெரிந்தது.

*

டீக்கடையில் அக்காவை உட்கார வைத்தோம். அண்ணன் கடையை அப்போதே அடைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் சர்க்கரை அதிகம் போட்டு டீ கொடுத்தார். கைகளை ஏந்தி எங்களுக்காகத் துவா செய்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பனிக்கட்டி போல இருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. விளக்கேத்தினது நான்தான். நீங்க கொடுத்த விளக்கு."

"நீ நல்லதுக்குத்தானே செஞ்ச தங்கச்சி."

"உங்கம்மா கேட்டாங்க. பிள்ளை வர்ற நேரம்னு..."

அக்கா தலையை நிமிர்த்தினார்.

"நீ அந்தத் தட்டுற சத்தம் கேட்டியா?"

"கேட்டேன். நான் குச்சி கிழிக்கும்போதும் தட்டினாங்க. ஒவ்வொரு தடவையும் மூணு."

அக்கா வெகு நேரம் அழுதார். பிறகு சொன்னார்.

"ஒரு தட்டு தட்டினா வான்னு அர்த்தம். ரெண்டு தட்டு, சாப்பாடு ரெடி. மூணு தட்டினா வேணாம், கிட்ட போகாதே. அடுப்புக்கிட்ட போனா மூணு. கெணத்துக்கிட்ட போனா மூணு. சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான். அம்மா போன அன்னிக்கு நான் கூட்டாளிங்களோட பாசார் மாலாம், அதான் ராத்திரிச் சந்தைக்குப் போயிட்டு லேட்டா வந்தேன். ஏன் யாரையும் கத்திக் கூப்பிடலைன்னு தெரியாதவங்க கேட்டாங்க. அன்னிக்கும் தட்டித்தான் இருப்பாங்க. நான் வீட்ல இல்ல."

எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்கும் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏன் தட்டணும்க்கா? வாயால சொல்லலாமே?"

"எங்கம்மா ஊமை, தங்கச்சி. பொறந்ததுல இருந்தே."

அக்கா டீக் குவளையைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. பேசினா எப்படி இருக்கும்னு சின்ன வயசுல படுத்துக்கிட்டு நெனைச்சுப் பார்ப்பேன். மனசுக்குள்ளயே ஒரு கொரல் வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல." அக்கா என் கையை இறுக்கினார். "இன்னிக்கு உள்ள இருந்து என்னைக் கூப்பிட்டது... அந்தக் கொரல்தான்."

அண்ணன்தான் என்னைத் துறைமுகம் வரை கொண்டுவந்து விட்டார். 9:10 ஃபெர்ரி. ஜெகா அக்கரையில் காத்திருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

குணவதி அக்கா இப்போதும் அதே இடத்தில் பூ விற்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை போய் அவர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். பச்சைக் கதவுக்கு இரட்டைச் சங்கிலி போட்டாகிவிட்டது. அந்த வாயில்லாத தாய்க்காகக் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றுகிறேன். பத்தொன்பது வருடமாக அவர் அங்கே நின்றுகொண்டிருந்தது எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தன் பிள்ளையை மட்டுமல்ல, யாரென்றே தெரியாத என்னையும் சேர்த்துத்தான் அவர் தடுத்தார்.

ஆனால் என்னைத் தாயி என்று கூப்பிட்டது யார்? என் ஊர்ப் பேச்சு அதற்கு எப்படித் தெரியும்?

இன்றும் யாராவது உதவி கேட்டால் போகிறேன். போகாமல் இருக்க என்னால் முடியாது. முதலில் அவர்கள் உதடு அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.